தண்ணிய வெளிய விடத் தெரியாதவன் குளம் வெட்டக் கூடாது

எங்க நத்தம் பக்கம் மலையடிவாரத்துல நிலம் வாங்குற வெளியூர்க்காரங்க முதல்ல வேலி போடுறாங்க. அடுத்து ஒரு குளம் வெட்டுறாங்க. ஜேசிபிய வரச் சொல்லி, மணிக்கு இவ்வளவுன்னு பேசி, ரெண்டே நாள்ல பெரிய பள்ளமா எடுத்து, நாலு பக்கமும் மண்ணைக் குவிச்சு வச்சா குளம் முடிஞ்சது. மழை பெஞ்சதும் தண்ணி நிக்கும். கொஞ்சம் மீன்குஞ்சு வாங்கி விட்டு, கரையில நாற்காலி போட்டு உக்காந்து ஒரு போட்டோ. அதுல நான் குறை சொல்ல ஒன்னும் இல்லை. தண்ணிய நிறுத்தணும்னு ஒரு மனுசனுக்கு ஆசை வர்றதே நல்ல விஷயம்தான்.

ஆனா யோசனை கேட்டு வர்ற எல்லார்கிட்டயும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். "தண்ணிய எப்படி வெளிய விடப் போறீங்க?" முக்கால்வாசிப் பேரு முழிப்பாங்க. "தண்ணி சேக்கத்தானே அண்ணே குளம், அதை எதுக்கு வெளிய விடணும்?"னு திருப்பிக் கேப்பாங்க. அதுக்குப் பதில்தான் இது. மீன் வளக்கிறதுக்குன்னு வெட்டுற குளத்துல அடியில ஒரு வடிகால் குழாயும், மேல ஒரு கலுங்கும் இல்லைன்னா அதை வெட்டவே வேண்டாம்னு சொல்ற ஆளு நான். மீனுக்காகச் சொல்றேன், கரைக்காகச் சொல்றேன். எல்லாத்துக்கும் மேல உங்க நிலத்துக்குக் கீழே வயல் வச்சிருக்கிறவனுக்காகச் சொல்றேன்.

எங்க ஊர்க் கண்மாயப் பாருங்க. வடக்கே ஏரின்னு சொல்றாங்களே, அதைத்தான் நாங்க கண்மாய்ங்கிறோம். அதுல தண்ணி வெளிய போக ரெண்டு வழி இருக்கு. ஒன்னு மடை. அது அடியில இருக்கும், வயலுக்கு வேணுங்கிறப்ப திறந்து விடுறது. இன்னொன்னு கலுங்கு. அது மேல இருக்கும், கண்மாய் கொள்ளாத தண்ணி தானா வழிஞ்சு மறுகால் பாயுறதுக்கு. ஒரு வழி மனுசன் கையில, இன்னொரு வழி மழையோட கையில. பல்லவர், பாண்டியர் காலத்து ஏரிகள்ல குமிழித் தூம்புன்னு ஒரு அமைப்பு உண்டு. கரையை விட்டுத் தள்ளி, தண்ணிக்குள்ள கல்தூணோட நிக்கும். அதுல நீரோடித் துளைன்னு ஒன்னு, அதுக்கும் கீழே சேறோடித் துளைன்னு ஒன்னு. பேருலயே வேலை இருக்கு. தண்ணி போறப்பவே அடியில படிஞ்ச சேறும் சேந்து வெளியேறணும்னு கணக்குப் பண்ணிக் கட்டியிருக்காங்க. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி தண்ணிய நிறுத்துனவன் அதை வெளியேத்துற வழியையும் கூடவே யோசிச்சான். இன்னைக்கு வாடகைக்கு மெஷின் கிடைக்குதுன்னு நாம அந்த யோசனைய மட்டும் விட்டுட்டோம்.

சரி, மீனுக்கு வருவோம்.

பெரும்பாலும் இங்க விடுறது கட்லா, ரோகு, மிர்கால் மூணும்தான். கட்லா மேல்மட்டத்துல மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. ஏக்கருக்கு 2000ல இருந்து 4000 குஞ்சு வரைக்கும் விடலாம். தீனி போடுறோம், சாணி கரைச்சு ஊத்துறோம், மீன் கழிவும் சேருது. எல்லாம் கடைசியில போய்ச் சேர்ற இடம் குளத்தோட அடி. அங்க அது அழுகும். அழுகுறப்ப தண்ணியில இருக்கிற காத்தை அதுதான் குடிக்கும். நாலு நாள் மூடாக்கா இருந்து வெயிலே படலைன்னா, அஞ்சாவது நாள் விடியக்காலையில போய்ப் பாருங்க. மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சாமி கும்பிடுற மாதிரி இருக்கும். பார்க்கிறவங்க மீனு விளையாடுதுன்னு நினைச்சுக்குவாங்க. அது மூச்சுக்குத் தவிக்குது. அந்த நேரத்துல அடியில இருக்கிற கெட்ட தண்ணியில ஒரு அடிய வெளிய விட்டுட்டு, கிணத்துத் தண்ணிய மேல இருந்து கொட்ட விட்டா பொழைக்கும். வடிகால் இல்லாதவன் என்ன பண்ணுவான்? நின்னு பார்ப்பான்.

அப்புறம் பிடிக்கிறது. தண்ணிய வத்த வைக்க முடியாத குளத்துல வலை போட்டா கொஞ்சம் மீன் வரும், மிச்சம் சேத்துக்குள்ள பதுங்கிக்கும். மிர்காலுக்கு அது கைவந்த கலை. அதைவிட மோசம், எப்படியோ உள்ள வந்து சேந்த விராலும் கெளுத்தியும் அப்படியே தங்கிடும். அடுத்த வருசம் நீங்க காசு குடுத்து வாங்கி விடுற குஞ்செல்லாம் அதுக்குத் தீனி. "ஆயிரம் விட்டேன் அண்ணே, நூறுதான் கிடைச்சுது, குஞ்சு சரியில்லை போல"ன்னு சொல்றவங்க குளத்துல பாதிக்கு மேல இந்தக் கதைதான்.

எங்க பக்கம் வருசா வருசம் கோடையில கண்மாய் அழிக்கிறதுன்னு ஒன்னு நடக்கும். தண்ணி வத்தி முழங்கால் அளவுக்கு வந்ததும் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். ஊத்தா, கச்சா, வேட்டி, கொசுவலை, கையில கிடைச்சதெல்லாம் எடுத்துக்கிட்டு ஓடுவாங்க. டிவியில மீன்பிடித் திருவிழான்னு காட்டுறாங்களே அதுதான். அதுக்கப்புறம் கண்மாய் காயும். தரை வெடிப்பு விடும். வெயில் அடிச்சு அடிச் சேறு செத்துப் பதமாகும், மழை வந்ததும் புதுத் தண்ணி. மீன் குளத்துக்கும் இதேதான் வேணும். வருசத்துக்கு ஒரு தடவை முழுசா வடிச்சு, பாளம் பாளமா வெடிக்கிற வரைக்கும் காயப் போட்டு, செண்டுக்கு ஒரு கிலோ கணக்குல சுண்ணாம்பு தூவணும். மருந்து மாத்திரைன்னு கடைக்காரங்க விக்கிறதுல பாதி அப்போ தேவைப்படாது. வெயிலை விட மலிவான மருந்து கிடையாது, ஆனா வெயில் அடிக்குப் போகணும்னா தண்ணி வெளிய போகணும்.

இப்போ ஒரு கணக்கு சொல்றேன். 25 செண்டுல, சரிவு விட்டு, அஞ்சடி ஆழத்துக்குத் தண்ணி நிறுத்துனா ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர் வரும். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அப்போ 1200 டன். பத்து டன் லாரி 120 வண்டி. அந்தப் பாரத்தை நீங்க ஒரு மண்கரையில சாய்ச்சு வச்சிருக்கீங்க. அடுத்தது மழை. ஒரு ஏக்கர்ல ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா 40 ஆயிரம் லிட்டர். ஐப்பசி கார்த்திகையில ஒரே ராத்திரி பத்து சென்டிமீட்டர் பெய்யுறது எங்களுக்குப் புதுசு இல்லை. உங்க குளத்துக்கு மேல பத்து ஏக்கர் சரிவு இருந்தா 40 லட்சம் லிட்டர் விழும். பாதி பூமி குடிச்சாலும் 20 லட்சம் உங்க குளத்தைத் தேடி வரும். ஏற்கெனவே நிறைஞ்சு நிக்கிற குளம் அதை எங்க வச்சுக்கும்? வழி விட்டிருந்தா வழியில போகும். இல்லைன்னா கரை மேல ஏறிப் போகும். மண்கரை மேல தண்ணி ஒரு தடவை ஏறிடுச்சுன்னா அப்புறம் அதை யாராலயும் நிறுத்த முடியாது. சாண் அகலத்துல ஆரம்பிக்கும், அரை மணி நேரத்துல மாட்டு வண்டி போற அகலத்துக்கு அறுத்துடும்.

எங்க ஊருக்குப் பக்கத்துல இது நடந்தது. மேட்டுல குளம் வெட்டுனவர் வெளியூர்ல இருந்தார். கீழே நடவு முடிஞ்சு இருபது நாள் ஆன வயல். ராத்திரி கரை உடைஞ்சு, விடிஞ்சு பார்த்தா நாத்து இருந்த இடத்துல முழங்கால் அளவுக்குச் சரளையும் மணலும். குளத்துக்காரருக்குப் போனது கொஞ்சம் மீனும் ஜேசிபி வாடகையும். வயல்காரருக்கு அந்தப் போகம் போச்சு, மணலை அள்ளி வெளிய போட அடுத்த போகமும் போச்சு. ரெண்டு பேரும் கெட்டவங்க இல்லை. மேட்டுக்காரர் வந்து வருத்தப்பட்டு ஏதோ கொடுத்துட்டும் போனார். ஆனா வருத்தத்தை வச்சு மணல் அள்ள முடியாது. அஞ்சடி அகலத்துல ஒரு கலுங்கு வச்சிருந்தா இவ்வளவும் இல்லை.

எப்படிச் செய்யணும்னு கேட்டா, ஒன்னும் பெரிய வித்தை இல்லை. வரிசை மாறாம செய்யணும், அவ்வளவுதான்.

முதல்ல மண்ணைப் பாருங்க. குளம் வரப் போற இடத்துல மண்ணை எடுத்து ஈரமாக்கி, பந்து மாதிரி உருட்டி, தலைக்கு மேல தூக்கிப் போட்டுப் பிடிங்க. உடையாம கைக்கு வந்தா அந்த மண்ணு தண்ணி பிடிக்க வாய்ப்பு இருக்கு. உதிர்ந்தா மணல் சாஸ்தி. அடுத்து இடுப்பளவு ஒரு குழி எடுத்து, காலையில வாய் முட்டத் தண்ணி ஊத்துங்க. சாயங்காலம் கொஞ்சம் இறங்கியிருக்கும், மறுபடி நிரப்பி, மேல தென்னமட்டை போட்டு மூடி வைங்க. மறுநாள் காலையில பெரும்பகுதி தண்ணி இருந்தா வேலையை ஆரம்பிக்கலாம். இல்லைன்னா வேற இடம் பாருங்க, அல்லது அனுமதி வாங்கி கண்மாய்க் கரம்பை கொண்டு வந்து அடியில பூசணும்.

கரை போடுற இடத்துல புல்லு, வேரு, மேல் மண்ணு எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடணும். வேரு மக்கிப் போனா அந்த இடத்துல பொந்து விழும், தண்ணிக்கு அது போதும். கரையோட நடுவுல நீளத்துக்கும், வீட்டுக்கு வானம் தோண்டுற மாதிரி கெட்டித் தரை வரைக்கும் தோண்டி, அதுல களிமண்ணைப் போட்டு இடிக்கணும். கரை தரையில ஒட்டி வச்சது மாதிரி இல்லாம, தரைக்குள்ள பல்லு இறங்கின மாதிரி நிக்கும்.

இந்த இடத்துலதான் குழாய் வரணும். நல்லாக் கவனிங்க, கரைக்கு முன்னாடி குழாய். கரையைக் கட்டி முடிச்சுட்டு அப்புறம் அறுத்துக் குழாய் வைக்கிறவங்க இருக்காங்க. அந்த அறுத்த இடம் எத்தனை இடிச்சாலும் பழைய கரையோட சேராது. குளத்தோட தாழ்ந்த மூலையில, கெட்டித் தரையில, வெளிப்பக்கம் லேசா சரிவா ஆறு இஞ்சு பிவிசி குழாயைப் படுக்க வைங்க. குழாயைச் சுத்தி ரெண்டு இடத்துல சிமெண்டுல சட்டம் மாதிரி ஒரு தடுப்பு, குழாய் நடுவுல நுழைஞ்சு போற பலகைன்னு வச்சுக்குங்க. வழவழன்னு இருக்கிற குழாய் ஓரமாத்தான் தண்ணி முதல்ல ஊர்ந்து போகும், அதை மறிக்கத்தான் இது. உள்பக்க வாயில வலை கட்டணும். வெளிப்பக்கம் ஒரு எல்போ போட்டு, அதுல ஒரு குழாயை நட்டமா நிறுத்தணும். எல்போவை அடிக் குழாயோட சேக்கிற இடத்துல பசை போடாம கிரீஸ் தடவி விட்டா, நட்டக் குழாயைச் சாய்க்கலாம், நிமித்தலாம். குளத்துல என்ன மட்டமோ அதே மட்டத்துக்கு நட்டக் குழாயிலயும் தண்ணி நிக்கும். கொஞ்சம் சாய்ச்சா கொஞ்சம் வடியும், முழுசாப் படுக்க வச்சா முழுசும் வடியும். எடுக்கிறது அடித் தண்ணிங்கிறதால கெட்டதுதான் முதல்ல போகும். பழைய சேறோடித் துளையோட வேலைய ஒரு எல்போ பார்க்குது. அதை ஒரு கல்தூணோட கட்டிப் பூட்டி வைங்க. இல்லைன்னா ஆடு மேய்க்கிற பயலுக சாய்ச்சுப் பார்த்துட்டுப் போயிருவானுக.

அதுக்கப்புறம்தான் கரை. அரையடி அரையடியா மண்ணு போட்டு, தண்ணி தெளிச்சு, உருளையோ திமிசுக்கட்டையோ வச்சு இடிச்சுக்கிட்டே வரணும். குழாய்க்குப் பக்கத்துல மெஷினை ஏத்தாம கையால இடிங்க. உள்பக்கச் சரிவு ஒன்னுக்கு ரெண்டு, வெளிப்பக்கம் ஒன்னுக்கு ஒன்றரை. ஆறடி உயரக் கரைக்கு மேல நாலடி அகலம் விட்டா, அடி அகலம் 25 அடி வரும். "இவ்வளவு இடம் கரைக்கே போகுதா?"ன்னு எல்லாரும் அதிர்ச்சி ஆவாங்க. போகும்தான். செங்குத்தா நிறுத்துன கரை ரெண்டு மழைக்கு உள்ள சரியும். இன்னொன்னு, சரிவா இருந்தா தவறி விழுந்த பிள்ளையோ ஆட்டுக்குட்டியோ ஏறி வர முடியும். செங்குத்தா வெட்டி, வழுக்குற பிளாஸ்டிக் தாள் விரிச்ச பள்ளத்துல விழுந்தா நீச்சல் தெரிஞ்சவனுக்கே கரையேறக் கஷ்டம். அப்படி ஒன்னு ஏற்கெனவே வச்சிருந்தா இன்னைக்கே நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்க விடுங்க, வேலி போடுங்க.

கலுங்கைக் கரையோட நடுவுல வைக்காம, ஓரத்துல, ஆதியில இருந்த கெட்டித் தரையில வைக்கணும். கரை மட்டத்துக்கு ரெண்டடி கீழே, அஞ்சாறடி அகலம், கல்லு பாவி விடுங்க. மேல எத்தனை ஏக்கர் தண்ணி வருதுங்கிறதைப் பொறுத்து அகலம் கூடும். மீன் போயிடக் கூடாதுன்னு அதுல சின்னக் கண்ணு வலையைக் கட்டுவாங்க. இலைதழை வந்து அடைச்சா அது சுவராயிடும், கலுங்கு இருந்தும் இல்லாத கதைதான். பெரிய கண்ணு வலையைச் சாய்வா வைங்க, மழை நாள்ல போய் வாரி விடுங்க. நாலு மீன் போனாப் போகுது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் விடாதீங்க. அதுக்கு அரசாங்கத் தடையே இருக்கு. உங்க கலுங்கு தாண்டிக் கண்மாய்க்குப் போச்சுன்னா அங்க இருக்கிற நாட்டு மீனையெல்லாம் தின்னு தீத்துடும்.

கரை மேல அருகம்புல்லோ வெட்டிவேரோ வைங்க. மரம் வேண்டாம். நண்டு வளை, எலி வளை மாசம் ஒரு தடவை பாருங்க.

இதைச் சொன்னா ரெண்டு மறுப்பு வரும். ஒன்னு, "வறண்ட சீமையில தண்ணிய வடிச்சு விடச் சொல்றீங்களே, நியாயமா?" நியாயம்தான். வடிக்கிறது சித்திரை வைகாசியில, தண்ணி எப்படியும் குறைஞ்சு வெயில்ல ஆவியாகிற நேரத்துல. மீன் குளத்துத் தண்ணி சும்மா தண்ணி இல்லை, உரத் தண்ணி. அதைத் தென்னைக்கோ தீவனப் புல்லுக்கோ மோட்டார் இல்லாமலே பாய்ச்சுறேன். ஆவியாப் போறதை விட அது மேல் இல்லையா? இன்னொன்னு, "எங்க நிலம் மட்டம், குழாய் எங்க வடியும்?" நியாயமான கேள்வி. மட்ட நிலத்துல பத்தடி ஆழத்துக்குப் பள்ளம் எடுக்காதீங்க. ரெண்டரை அடி தோண்டி, அந்த மண்ணையே கரையா உசத்தி அஞ்சடித் தண்ணி நிறுத்துங்க. மேல் பாதி குழாயில வடியும், கீழ்ப் பாதிய ஆயில் இஞ்சின் வச்சு ஒரு நாள்ல இறைச்சிடலாம்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. நூறு நாள் வேலையில வெட்டுற பண்ணைக் குட்டை மழைத் தண்ணி சேக்கிறதுக்கு, அதுக்கு அடிக் குழாய் இல்லாட்டிப் பரவாயில்லை. ஆனா 2020ல வந்த பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல மீன் குளம் வெட்டவே பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் வச்சாங்க. நல்ல காரியம். குளத்தை அளக்க வர்றவங்க நீளம், அகலம், ஆழத்தோட நிறுத்திடாம, குழாயைத் திறந்து காட்டச் சொல்லணும், கலுங்கு எங்கன்னு கேக்கணும். அது ரெண்டும் இல்லைன்னா பணம் இல்லைன்னு சொன்னா, அடுத்த மாசமே எல்லாக் குளத்துலயும் குழாய் வந்துடும். மொத்தச் செலவுல ரெண்டு நீளக் குழாயும் ஒரு எல்போவும் எவ்வளவு பெரிய தொகை?

கடைசியா நகரத்துச் சொந்தங்களுக்கு. நீங்க நிலம் வாங்குறப்ப பத்திரத்துல நாலு எல்லை பார்க்கிறீங்க. தண்ணிக்கு அந்த எல்லை கிடையாது. மேல இருந்து வருது, கீழே போகுது. உங்க நிலத்து வழியா ஓடை போனா அதை மறிச்சுக் கரை போட உங்களுக்கு உரிமை இல்லை, அது கீழே இருக்கிற கண்மாய்க்குப் போற தண்ணி. உங்க நிலத்துல விழுந்த மழையை நிறுத்துங்க, தாராளமா. ஆனா ஜேசிபிக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி, ஒரு நாள் காலையில செருப்பை மாட்டிக்கிட்டு உங்க நிலத்துல இருந்து சரிவைப் பிடிச்சு இறங்கி நடங்க. உங்க கலுங்குத் தண்ணி எந்த வாய்க்கால்ல விழும், யார் வயல் வழியாப் போகும், கடைசியா எந்தக் கண்மாய்ல சேரும்னு கண்ணால பாருங்க. அந்த வயல்காரரைப் பார்த்து, "அண்ணே, மேல ஒரு குளம் வெட்டலாம்னு இருக்கேன், சித்திரையில வடிச்சு விடுவேன், உங்களுக்குத் தண்ணி ஆகுமா?"ன்னு கேளுங்க. ஆகும்னுதான் சொல்வாரு. உரத் தண்ணி வேண்டாம்னு எந்தச் சம்சாரி சொல்லுவான்? குழாய் எந்த மூலையில வைக்கிறதுன்னு அவரே கூட வந்து காட்டுவாரு.